பச்சை டிக் எதைச் சொல்கிறது? பல இயங்குதளங்களில் ஸ்கிரிப்ட் சோதனை, அடிப்படையில் இருந்து

"சிஐ போட்டிருக்கோம், மூணு ஓஎஸ்லயும் பச்சை, அப்புறம் என்ன?" மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் இதை அடிக்கடி கேட்டிருப்பார்கள். (நிரலில் மாற்றம் செய்யும்போதெல்லாம் அதைத் தானாகவே ஓட்டிப் பார்க்கிற சேவைதான் சிஐ. ஓட்டம் தோற்காவிட்டால் பச்சை டிக் காட்டும்.) சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பச்சை எதற்கு உத்தரவாதம் என்று திருப்பிக் கேட்டால் பதில் கொஞ்சம் தடுமாறும். சிஐ என்பது நம் நிரலைப் படித்துப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கிற புத்திசாலி எந்திரம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஸ்கிரிப்டை ஓட்டுகிற பாஷ் என்ற நிரல் எல்லா இடத்திலும் பாஷ்தானே, எதற்கு வேலை மெனக்கெட்டு மூன்று இடத்தில் ஓட்ட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. இதை முதலில் இருந்து, ஒன்றுமே தெரியாதவர்களுக்குச் சொல்வது போல எழுதிப் பார்க்கிறேன்.

## ஸ்கிரிப்ட் என்பது பாதி நிரல்தான்

ஸ்கிரிப்ட் என்றால், கணினியில் கையால் ஒவ்வொன்றாகத் தட்டுகிற கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதைப் படித்து வரிக்கு வரி நிறைவேற்றுகிற நிரலுக்கு ஷெல் என்று பெயர். பாஷ், இசட்-ஷெல், விண்டோஸின் பவர்ஷெல் எல்லாம் ஷெல்கள்தான்.

அம்மா ஃபோனில் சொல்கிற சமையல் குறிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். "மூணு விசில் விட்டு இறக்கிடு." அவர்கள் வீட்டு அஞ்சு லிட்டர் குக்கரிலும் கேஸ் அடுப்பிலும் அது மிகச் சரியான குறிப்பு. அதையே வெளியூரில் இரண்டு லிட்டர் குக்கரை இண்டக்‌ஷன் அடுப்பில் வைத்துச் செய்தால் சாதம் குழைந்துவிடும், இல்லை அரிசியாகவே நிற்கும். குறிப்பில் பிழை இல்லை. விசில் என்ற ஒரே சொல் அங்கே ஒரு நேரத்தையும் இங்கே வேறு நேரத்தையும் குறித்துவிட்டது.

ஸ்கிரிப்டும் இப்படித்தான். அதில் நாம் எழுதுவது கட்டளைகளின் பெயர்களை மட்டுமே. உண்மையான வேலையைச் செய்கிற நிரல்கள் அந்தந்தக் கணினியில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. அவை யார் எழுதியவை, எந்தப் பதிப்பு என்பது ஸ்கிரிப்டில் எங்கும் இருக்காது.

## ஒரே பெயர், வேறு ஆள்

செட் (sed) என்று ஒரு பழைய கட்டளை. கோப்பில் ஒரு சொல்லைத் தேடி இன்னொரு சொல்லாக மாற்றும். "மைனஸ் ஐ" என்று சேர்த்தால் அதே கோப்பிலேயே மாற்றி எழுதிவிடும். லினக்ஸில் இருப்பது குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் செட், மேக்கில் இருப்பது பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ் வகையின் வழிவந்த செட். குனு செட்டுக்கு மைனஸ் ஐ தனியாக நின்றாலே போதும். பிஎஸ்டி செட்டோ, பழைய கோப்பை என்ன பின்னொட்டில் நகலெடுத்து வைப்பது என்பதையும் கட்டாயம் கேட்கும்.

அதனால் லினக்ஸில் ஒழுங்காக ஓடிய வரி மேக்கில் என்ன ஆகிறது என்றால், நீங்கள் எழுதிய மாற்றுக் கட்டளையையே அது பின்னொட்டு என்று எடுத்துக்கொள்கிறது, அதற்கு அடுத்து நிற்கிற கோப்பின் பெயரைக் கட்டளை என்று நினைத்துப் படிக்கிறது. கோப்பின் பெயர் "கான்ஃபிக்" என்று இருந்தால் அந்த ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்தான சி-யை செட்டின் சி கட்டளை என்று புரிந்துகொண்டு, "சி கட்டளைக்குப் பின்னால் பின்சாய்வுக்கோடு வேண்டும்" என்று பிழை காட்டும். நாம் எழுதவே எழுதாத ஒரு சி கட்டளையைத் தேடி ஸ்கிரிப்டை மேலும் கீழும் புரட்ட வேண்டியதுதான். கோப்பின் பெயர் வேறு எழுத்தில் தொடங்கினால் பிழைச் செய்தியும் வேறாகிவிடும், அதனால் இணையத்தில் தேடினாலும் சட்டென்று கிடைக்காது. (மைனஸ் ஐ-யோடு இடைவெளி விடாமல் ".பேக்" போன்ற ஒரு பின்னொட்டை ஒட்டி எழுதினால் இரண்டு செட்டும் ஏற்றுக்கொள்ளும். வேலை முடிந்ததும் அந்த நகலை அழித்துவிடலாம்.)

பாஷே ஒன்றில்லை. பாஷின் 4.0 பதிப்பு 2009-இல் ஜிபிஎல் என்கிற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வந்தது. அந்த உரிமத்தை ஆப்பிள் தவிர்த்ததால் மேக்கோடு வரும் பாஷ் இன்றும் 3.2-லேயே நிற்கிறது. 2019-இல் மேக்கின் கேட்டலினா பதிப்பு வந்தபோது இயல்பு ஷெல்லை இசட்-ஷெல்லாக மாற்றிவிட்டார்கள், பழைய பாஷ் மட்டும் ஓரமாக அப்படியே இருக்கிறது. பெயரை வைத்து மதிப்பைத் தேடுகிற அணி வகை 4.0-இல்தான் வந்தது. அதைப் பயன்படுத்துகிற ஸ்கிரிப்ட் மேக்கின் பாஷில் ஓடாது.

லினக்ஸுக்குள்ளேயேகூட இது உண்டு. உபுண்டுவில் 2006-இல் இருந்தே "எஸ்ஹெச்" என்று அழைத்தால் வருவது பாஷ் அல்ல, டேஷ் என்கிற சிறிய ஷெல். முதல் வரியில் எஸ்ஹெச் என்று எழுதிவிட்டு உள்ளே இரட்டைச் சதுர அடைப்புக்குறியில் நிபந்தனை எழுதினால், டேஷ் "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்று கைவிரிக்கும்.

தேதிக் கணக்குப் போடும் டேட், வரிகளைத் தேடும் க்ரெப் இரண்டிலும் இதே கதைதான், நீட்டவில்லை.

இதுவரை: ஸ்கிரிப்ட் கட்டளைகளின் பெயரைத்தான் சொல்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் நிரல் கணினிக்குக் கணினி மாறும்.

## கண்ணுக்குத் தெரியாதவை

கட்டளை மாறினால் பிழைச் செய்தியாவது வரும். கோப்புகளில் இருக்கிற வித்தியாசம் இன்னும் மோசம், ஏனென்றால் திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

வரி முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸும் மேக்கும் வரியின் முடிவில் ஒரு குறி வைக்கின்றன, விண்டோஸ் இரண்டு குறிகள் வைக்கிறது. விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டினால் முதல் வரியில் இருக்கும் பாஷ் என்ற பெயரின் வாலில் அந்தக் கூடுதல் குறியும் ஒட்டிக்கொள்ளும், அந்த வாலோடு சேர்ந்த பெயரில் நிரல் எதுவும் கிடையாதே, ஆகவே "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வரும். கோப்போ கண் முன்னால் இருக்கும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியைப் பயன்படுத்துபவர்கள் கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு ஒற்றைக் குறிதான் என்று ஒரு வரி எழுதி வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

அப்புறம் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸும் மேக்கும் இயல்பாகக் கோப்புப் பெயரில் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். மேக்கில் எழுதுகிறவர் பெயரில் ஓர் எழுத்தைப் பெரிதாகத் தட்டிவிட்டாலும் அவர் கணினியில் எல்லாம் ஓடும், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் கோப்பு காணாமல் போய்விடும். கோப்பின் பெயரில் மணி நேரத்தைப் போட்டு 10:30 என்று முக்காற்புள்ளி வைத்தால் விண்டோஸ் அந்தப் பெயரை ஏற்காது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. பைத்தானில் குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கிற முறை) எது என்று சொல்லாமல் ஒரு கோப்பைத் திறந்தால், லினக்ஸிலும் மேக்கிலும் வழக்கமாக யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் 1252 என்ற பழைய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்ளும். (பைத்தான் 3.15-இல் இருந்து எங்கும் யூடிஎஃப்-8 என்று முடிவாகியிருக்கிறது.) இப்போது கோப்பில் "மழை" என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் பிழை எதுவும் வராது, ஒன்பது விசித்திரக் குறிகளாக அமைதியாகப் படித்துவிட்டுப் போய்விடும். அதே இடத்தில் "தமிழ்" என்று இருந்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும்! காரணம் புள்ளி. யூடிஎஃப்-8-இல் புள்ளிக்கு மூன்று பைட்டுகள்: 224, 175, 141. அந்த 141-க்கு 1252 அட்டவணையில் எழுத்து எதுவும் ஒதுக்கப்படவில்லை. சோதனைக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கிற மாதிரிச் சொல்லில் இப்படி அட்டவணையில் இடமில்லாத ஒரு பைட் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து ஒரே பிழை வெளிப்படையாக வரும், அல்லது தரவைக் கெடுத்துவிட்டு ஒளிந்துகொள்ளும்.

"கோயில்" என்று ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். கோ-வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. லினக்ஸ் இவற்றை இரண்டு வெவ்வேறு கோப்புகள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். மேக்கின் ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமையோ இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடும்.

## சரி, சிஐ என்ன செய்கிறது?

சிஐ என்பது தொடர் ஒருங்கிணைப்பின் சுருக்கம். ஆளுக்கொரு பக்கம் மாதக்கணக்கில் எழுதிவிட்டுக் கடைசியில் எல்லாவற்றையும் ஒட்ட வைக்கப் போராடுவதற்குப் பதில், சின்னச் சின்ன மாற்றங்களை உடனுக்குடன் ஒன்று சேர்த்து, சேர்க்கும்போதே ஓட்டிப் பார்ப்பது என்கிற பழக்கத்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர். இன்று நாம் சிஐ என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் பழக்கத்துக்கு உதவுகிற சேவையை. திறமூலத் திட்டங்களுக்கு இதைப் பரவலாக்கியது 2011-இல் வந்த ட்ராவிஸ். ஒருகாலத்தில் லினக்ஸுக்கும் மேக்குக்கும் ட்ராவிஸ், விண்டோஸுக்குத் தனியாக ஆப்வேயர் என்று இரண்டு இடத்தில் அமைப்புக் கோப்பு எழுதிக்கொண்டிருந்தோம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் 2019 நவம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்ட பிறகு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான். கிட்லேப் போன்றவற்றிலும் அடிப்படை இதேதான்.

நீங்கள் ஒரு மாற்றத்தை ஏற்றியதும் சேவை உங்கள் களஞ்சியத்தில் (நிரலின் கோப்புகளெல்லாம் இருக்கும் இடத்தில்) இருக்கும் ஓர் அமைப்புக் கோப்பைப் படிக்கிறது. அதில் சொல்லியிருக்கும் இயங்குதளத்தோடு ஒரு புத்தம்புதுக் கணினியை எழுப்புகிறது. வேலையை ஓட்டும் அந்தக் கணினிக்கு ரன்னர் என்று பெயர், பெரும்பாலும் அது ஒரு மெய்நிகர் கணினி, அதாவது பெரிய கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய கணினி. அதில் உங்கள் நிரலை இறக்கி, நீங்கள் எழுதிய கட்டளைகளை வரிசையாக ஓட்டி, முடிவைக் குறித்துக்கொண்டு, கணினியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. அடுத்த முறை மறுபடியும் புதுக் கணினி.

இந்தத் தூக்கி எறிவதில்தான் பாதிப் பலன். உங்கள் மடிக்கணினியில் இரண்டு வருடத்துக்கு முன் எதற்கோ நிறுவிய கருவிகள் எத்தனையோ இருக்கும், உங்கள் ஸ்கிரிப்ட் அதில் ஏதோ ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு நிற்பது உங்களுக்கே தெரியாது. ரன்னரில் அந்த முட்டு இருக்காது, விழுந்துவிடும். ஒரே ஒரு உபுண்டு ரன்னர் வைத்தாலே இந்த லாபம் கிடைக்கும் என்பதால், மூன்று இயங்குதளம் என்று மலைத்துப்போய் ஒன்றையும் வைக்காமல் இருப்பதில் அர்த்தமில்லை.

## பச்சையா சிவப்பா, யார் முடிவு செய்வது?

ஒவ்வொரு நிரலும் முடியும்போது தன்னை அழைத்தவருக்கு ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அதற்கு எக்ஸிட் கோட் என்று பெயர். சுழியம் என்றால் நல்லபடியாக முடிந்தது, வேறு எந்த எண்ணாக இருந்தாலும் ஏதோ தவறு. சிஐ பார்ப்பது இந்த எண்ணை மட்டும்தான். திரையில் சிவப்பு எழுத்தில் பத்துப் பக்கத்துக்குப் பிழை ஓடியிருந்தாலும் கடைசியில் சுழியம் வந்தால் பச்சை டிக்.

அந்த எண் வழியிலேயே தொலைந்துபோக நிறைய வாய்ப்பு இருக்கிறது. பாஷில் ஒரு கட்டளையின் வெளியீட்டைக் குழாய் வழியாக அடுத்த கட்டளைக்கு அனுப்பினால், இயல்பாகக் கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே கணக்கில் வரும். சோதனையை ஓட்டி, அதன் வெளியீட்டை டீ கட்டளைக்குக் குழாயில் விட்டுப் பதிவுக் கோப்பில் எழுதுவது எல்லோரும் செய்வதுதான். சோதனை தோற்றுப்போகும், டீ தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுச் சுழியம் தரும், பச்சை. பாஷில் பைப்ஃபெயில் என்ற அமைப்பைப் போட்டால் குழாயில் எந்த இடத்தில் தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று ஆகும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இங்கே ஒரு வினோதம்: ஷெல் எது என்று நீங்கள் சொல்லாமல் விட்டால் லினக்ஸில் பைப்ஃபெயில் இல்லாத பாஷ் கிடைக்கும், ஷெல் பாஷ்தான் என்று வெளிப்படையாக எழுதினால் பைப்ஃபெயிலோடு கிடைக்கும். ஏன் இப்படி வைத்தார்களோ, ஆவணத்தில் எழுதித்தான் இருக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு.

விண்டோஸ் ரன்னரில் ஷெல் எதுவென்று சொல்லாவிட்டால் ஓடுவது பாஷே அல்ல, பவர்ஷெல். ஒரே படியில் இரண்டு வெளி நிரல்களை அடுத்தடுத்து அழைத்து, முதலாவது தோற்று இரண்டாவது ஜெயித்தால், கிட்ஹப் ஓட்டுகிற விதத்தில் பாஷ் முதல் வரியிலேயே நின்றுவிடும். பவர்ஷெல் நிற்காது, கடைசி நிரலின் எண்ணை வைத்துப் பச்சை காட்டிவிடும். "விண்டோஸ்லயும் பாஸ்" என்று நிம்மதியாக இருக்கிற சில திட்டங்களில் அந்தச் சோதனை என்றைக்கோ தோற்றுப்போய்க் கிடக்கலாம். சிஐயை முதன்முதலாக அமைக்கும்போது வேண்டுமென்றே ஒரு சோதனையைத் தோற்கடித்து, மூன்றிலும் சிவப்பு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இதுவரை: புதுக் கணினி, நீங்கள் எழுதிய கட்டளைகள், அவை திருப்பித் தந்த எண். சிஐயில் இருப்பது இவ்வளவுதான். எதைச் சோதிப்பது என்று அதற்குத் தெரியாது.

## மேட்ரிக்ஸ்

ஒரே வேலையைப் பல சூழல்களில் ஓட்டச் சொல்லும் பட்டியலுக்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். உபுண்டு, விண்டோஸ், மேக் என்று மூன்று இயங்குதளம், பைத்தானின் இரண்டு பதிப்பு என்று எழுதினால் மூன்றையும் இரண்டையும் பெருக்கி ஆறு வேலைகளாகச் சேவையே பிரித்து, ஆறு தனித்தனிக் கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை.

புதியவர்களைக் குழப்புவது, ஒன்று தோற்றதும் மற்றவை பாதியில் நிறுத்தப்படுவது. அதன் பெயர் ஃபெயில்-ஃபாஸ்ட், இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். நேரம் மிச்சம் என்பது சரிதான், ஆனால் பிழை விண்டோஸில் மட்டுமா மூன்றிலுமா என்று தெரிந்துகொள்ளத்தானே மூன்றில் ஓட்டினோம்? ஆரம்பத்தில் அதை அணைத்து வைப்பதே என் சிபாரிசு.

## டாக்கர் போதாதா?

போதாது. டாக்கர் கண்டெய்னர் என்பது தனிக் கணினி இல்லை. தான் ஓடுகிற கணினியின் கெர்னலைப் பகிர்ந்துகொண்டு, கோப்புகளையும் கருவிகளையும் மட்டும் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்கிற ஏற்பாடு. கெர்னல் என்றால் வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் இயங்குதளத்தின் மையப் பகுதி. மேக்கில் டாக்கரை ஓட்டினாலும் உள்ளே ஒரு சின்ன லினக்ஸ் மெய்நிகர் கணினிதான் ஓடுகிறது. உபுண்டு, ஃபெடோரா, ஆல்பைன் என்று லினக்ஸ் வகைகளுக்குள் சோதிக்க டாக்கர் அருமையான கருவி, அதிலும் ஆல்பைனில் பாஷே இருக்காது என்பதால் நல்ல சோதனை. மேக்கின் செட் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் அதில் பார்க்க முடியாது.

## எதை ஓட்டிப் பார்ப்பது

முதலில் ஷெல்செக். ஸ்கிரிப்டை ஓட்டாமலே படித்துப் பார்த்து, இங்கே மேற்கோள் குறி விட்டுப்போச்சு, எஸ்ஹெச் என்று அறிவித்துவிட்டு பாஷ் வசதியைப் பயன்படுத்துகிறாய் என்றெல்லாம் சொல்லும். மேலே சொன்ன டேஷ் பிரச்சினை ரன்னரைத் தொடும் முன்பே பிடிபட்டுவிடும். செட்டின் குனு, பிஎஸ்டி சண்டையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு உண்மையான மேக்கில் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

ஓட்டிப் பார்க்கிற சோதனையை பேட்ஸ் போன்ற ஒரு கருவியில் எழுதலாம், இல்லை சாதாரண ஸ்கிரிப்டாகவே எழுதலாம். முக்கியம் எதுவென்றால், "ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது" என்பதோடு நிறுத்தாமல், ஓடி முடித்தபின் கோப்பில் இருக்க வேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பது. மழை என்ற சொல் ஒன்பது விசித்திரக் குறிகளாக மாறியதை வேறு எதுவும் பிடிக்காது.

சோதனைக்கான கோப்புறையின் பெயரில் ஒரு இடைவெளி வையுங்கள். உள்ளே ஒரு கோப்புக்குத் தமிழில், புள்ளி வைத்த எழுத்தோடு பெயர் கொடுங்கள். நான் பார்த்தவரை ஸ்கிரிப்டுகளில் வருகிற பிழைகளில் நிறைய இந்த இரண்டிலேயே மாட்டிக்கொள்ளும்.

## செலவும் ஒரு சொல்லும்

பொதுக் களஞ்சியத்துக்கு கிட்ஹப்பின் சாதாரண ரன்னர்கள் இலவசம். தனியார் களஞ்சியத்தில் நிமிடக் கணக்கு, அதில் மேக் நிமிடத்தின் விலை லினக்ஸ் நிமிடத்தைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் உபுண்டு, முதன்மைக் கிளையில் சேர்க்கும்போது மட்டும் மூன்றும் என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள், அது நியாயமான ஏற்பாடு. உங்களிடம் இருக்கும் ஒரே உபுண்டு சர்வரில் மட்டும் ஓடப்போகிற ஸ்கிரிப்டுக்கு மேக் ரன்னர் வீண் செலவு, வைக்காதீர்கள்.

ரன்னரின் பெயரில் "லேட்டஸ்ட்" என்று எழுதுவதையும் யோசித்துச் செய்யுங்கள். அது நிலையான ஒன்றைக் குறிப்பதில்லை. மேக் லேட்டஸ்ட் 2024-இல் இன்டெல்லில் இருந்து ஆப்பிளின் சொந்தச் சிப்புக்கு மாறியபோது, மேக்கில் கருவிகளை நிறுவித் தருகிற ஹோம்ப்ரூ என்ற நிரல் அவற்றை வைக்கிற கோப்புறையே வேறாகிவிட்டது. இன்டெல்லில் யூஎஸ்ஆர்-லோக்கல், புதியதில் ஆப்ட்-ஹோம்ப்ரூ. பழைய பாதையை ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதி வைத்திருந்தால், ஒரு வரியைக்கூடத் தொடாத நிலையில் காலையில் வந்து பார்க்கும்போது சிவப்பு. பதிப்பு எண்ணை எழுதி நிறுத்தி வைத்தால் இப்படித் திடீரென்று ஆகாது, ஆனால் பழைய பதிப்புகளை கிட்ஹப் சில வருடத்தில் எடுத்துவிடும் என்பதால் அவ்வப்போது நாமே மாற்ற வேண்டும். நிரலில் எதையும் தொடாதபோது சிவப்பு வந்தால் பதிவில் "செட் அப் ஜாப்" என்ற முதல் பகுதியை விரித்துப் பாருங்கள், ரன்னர் எந்த இமேஜில் (முன்பே தயார் செய்த இயங்குதள அமைப்பில்) இருந்து எழுந்தது, எந்தப் பதிப்பு என்று அங்கே இருக்கும். போன வாரம் பச்சை வந்த ஓட்டத்தின் அதே பகுதியோடு ஒப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் உங்கள் ஸ்கிரிப்டைத் திறக்கலாம்.